நடை அறிவிப்பில் தூரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர் விலகியதும் தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிப் பக்கத்தில் 'குடும்பத்தோடு நடக்க வாருங்கள்' என்ற அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். நியூ ஜெர்சியின் வாஷிங்டன் கிராசிங் மாநிலப் பூங்கா போன்ற வரலாற்று இடங்களைத் தேர்ந்தெடுப்பது நல்ல விஷயம். ஆனால் தேதி, தூரம், கூடும் நேரம், டி-ஷர்ட் நிறம் வரை அச்சாகும் அறிவிப்பில், பாதை எப்படிப்பட்டது, எத்தனை மணிக்கு நடையை முடிப்பார்கள் என்ற இரண்டு தகவல்கள் மட்டும் இருப்பதில்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவருக்கும் முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கும் வேண்டியது அவைதான்.

5 கிலோமீட்டர் என்பது எல்லா நிலத்திலும் ஒன்றல்ல. இந்தப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். டெலவேர் ஆற்றோரம் 1834-இல் திறக்கப்பட்ட டெலவேர்-ராரிட்டன் கால்வாயின் கிளை ஓடுகிறது. அதை ஒட்டிய பாதை சமதளம், பொடிக்கல் பரப்பியது, தள்ளுவண்டி உருளும். 29-ஆம் எண் சாலைக்கு அப்பால், மேட்டுப் பக்கம் உள்ள காட்டுப் பாதைகளில் வேர்களும் ஏற்ற இறக்கமும் உண்டு. மழை பெய்த மறுநாள் சேற்றில் செருப்பு சிக்கும். முதல் பாதையில் ஒரு மணி நேரத்தில் முடியும் 5 கிலோமீட்டர், இரண்டாவதில் சிறுவர்களோடு போனால் ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல குறியீடு இருக்கிறது. பொதுமக்களுக்கு நடைகள் நடத்தும் அமைப்பான, 1976 முதல் இயங்கும் அமெரிக்க வோக்ஸ்போர்ட் சங்கம் தன் நடைகளை ஓர் எண்ணாலும் ஓர் ஆங்கில எழுத்தாலும் குறிக்கிறது. 1 முதல் 5 வரையிலான எண் ஏற்றத்தைச் சொல்லும், ஏ முதல் ஈ வரையிலான எழுத்து தரையின் தன்மையைச் சொல்லும். '1ஏ' என்றால் சமதளம், நல்ல தரை. '3சி' என்றால் பாட்டியைக் கால்வாய்ப் பக்கம் அழைத்துப் போங்கள் என்று பொருள். நம் அறிவிப்புகளிலும் இதைச் சேர்க்க ஒரு வரிகூட ஆகாது.

அடுத்தது நேரம். '9 மணிக்குப் புறப்பாடு' என்று போட்டால் 8:50-க்கு எல்லாக் கார்களும் ஒரே நுழைவாயிலில் நிற்கும், பதிவு மேசையில் நெரிசல், 9:40-க்குத்தான் முதல் அடி எடுத்து வைப்பார்கள். அதற்குப் பதில் '8:30 முதல் 10 வரை எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம்; பகல் 1 மணிக்கு நடை முடியும்' என்று அறிவியுங்கள். கூட்டம் தானாகப் பிரியும், குறுகலான பாதையிலும் இடிபடாது. எதிரே வருகிறவர்களுக்கும் வழி கிடைக்கும், பூங்கா அவர்களுடையதும்தான்.

பெரிய கூட்டத்தை நகர்த்துவதில் தாமதம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. அமெரிக்க விடுதலைப் போரில், 1776 கிறிஸ்துமஸ் இரவில், டிரென்டனைத் தாக்குவதற்காக ஜார்ஜ் வாஷிங்டனின் சுமார் 2,400 வீரர்கள் ஆற்றின் பென்சில்வேனியா கரையிலிருந்து இங்கே வந்து இறங்கினார்கள். நள்ளிரவுக்குள் கடந்து முடிப்பதாகத் திட்டம். ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகளும், புயலும், 18 பீரங்கிகளைப் படகேற்றி இறக்கும் வேலையும் சேர்ந்து அதிகாலை 3 மணி ஆகிவிட்டது. அணிவகுத்து நடக்கத் தொடங்கும்போது ஏறத்தாழ 4 மணி. அங்கிருந்து டிரென்டனுக்கு ஒன்பது மைல். அந்த வீரர்கள் நடந்த தடம்தான் பூங்காவுக்குள் இருக்கும் கான்டினென்டல் லேன். அதன் ஆற்றுப் பக்க முனையில் ஜான்சன் ஃபெர்ரி ஹவுஸ் என்ற பழைய வீடு நிற்கிறது. இங்கே நடை வைப்பவர்கள் இந்தத் தடத்தைத் தொடாமல் வெறும் புல்வெளியைச் சுற்றிவிட்டுப் போவது பெரிய இழப்பு. ஐந்து நிமிடம் நின்று யாராவது ஒருவர் தமிழில் சொன்னாலே குழந்தைகள் கேட்பார்கள்.

வழிக்குறி வைப்பதில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. அம்புக்குறியைப் பாதை பிரியும் இடத்திலேயே கட்டுகிறார்கள். பேசிக்கொண்டே வருபவர் கண்ணில் அது படாது. பிரிவுக்குப் பத்தடி முன்னால் வலப்பக்கம், கண் மட்டத்தில் ஒன்று. திரும்பியபின் முப்பது அடி தள்ளி 'சரியாகத்தான் போகிறீர்கள்' என்று உறுதி சொல்ல இன்னொன்று. நேராகப் போகக் கூடாத பாதையின் குறுக்கே தரையில் ஒரு நாடா. மரத்தில் ஆணி கூடாது, பெயின்ட் கூடவே கூடாது. துணி நாடாவைத் தளர்வாகக் கட்டி, அன்றே அவிழ்த்துவிட வேண்டும். எத்தனை கட்டினோம் என்று எழுதி வைத்தால்தான் எத்தனை அவிழ்த்தோம் என்று தெரியும். முந்தின நாள் கட்டியதை யாராவது எடுத்திருக்கலாம் என்பதால், நடக்கும் நாள் காலை ஒருவர் முழுப் பாதையையும் நடந்து பார்ப்பது கட்டாயம். சாலையைக் கடக்கும் வழி திறந்திருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண்ணிக்கை. புறப்படும் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட அட்டை கொடுங்கள். பாதி வழியில் ஒரு மேசையில் அதில் முத்திரை குத்துங்கள். முடிவில் அட்டையைத் திரும்ப வாங்குங்கள். கடைசியாக நடப்பதற்கென்றே இருவர் வேண்டும், கையில் விசிலும் முதலுதவிப் பெட்டியும் கைப்பேசியும். அவர்கள் யாரையும் முந்தக் கூடாது. 100 பேர் போய் 97 அட்டை திரும்பினால் அந்த மூவரையும் தேடியே ஆக வேண்டும். பெரும்பாலும் அவர்கள் பாதியிலேயே காரில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால்தான் 'நடுவில் கிளம்பினால் இந்த எண்ணுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்' என்பதை அட்டையிலேயே அச்சடிக்க வேண்டும்.

உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே முதல் ஜூலை வரை லைம் நோயைப் பரப்பும் மானுண்ணியின் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும். வெளிர்நிறக் காலுறைக்குள் பேன்டைச் செருகிக்கொண்டால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதோரம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். திருகக் கூடாது, தீ வைக்கக் கூடாது, எண்ணெய் பூசிக் காத்திருக்கவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பின்னர் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி மாநிலப் பூங்காக்களில் கொண்டுவந்த குப்பையை நாமே எடுத்துச் செல்ல வேண்டும். மது கூடாது. பூ, கல், பழைய செங்கல் துண்டு எதையும் எடுக்கக் கூடாது. கூட்டமாக நடப்பதற்குப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்கும்போது காப்பீட்டுச் சான்றும் வேண்டுமா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் அந்தத் தாளுக்காக அலைந்து நடையையே தள்ளிப்போட நேரக்கூடாது.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: நடை அறிவிப்பு அனுப்புகிறவர்களிடம் பாதையின் தரக்குறி, தள்ளுவண்டி போகுமா, கழிப்பறை எங்கே, புறப்படும் கடைசி நேரம், முடியும் நேரம் ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் டி-ஷர்ட் நிறத்தை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
நடை ஒருங்கிணைக்கும் தன்னார்வலர்கள்,
நியூ ஜெர்சி