இணையம் எட்டாத பாதைகளிலும் பயணிகளுக்கு வானிலைத் தகவல் கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சரக்கு வேன் ஓட்டுநர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வானிலை ஆய்வுத் துறை

பொருள்: குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, வானொலி வழியாகப் பயணிகளுக்கு வானிலைத் தகவல் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சரக்கு வேன் ஓட்டிப் பிழைப்பவன் நான். மாதத்தில் பாதி நாள் மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும்தான் கழிகிறது.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், மாலை 4 மணி இருக்கும். ஒரு தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நான் நின்ற இடத்தில் சுள்ளென்று வெயில். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் செம்மண் கலங்கலாக, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தது. மேலே எங்கோ பெய்கிறது என்று புரிந்தது. எவ்வளவு பெய்கிறது, எப்போது நிற்கும் என்பதுதான் தெரியவில்லை. கைப்பேசியில் சூரியன் படம் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், 9 மணி நேரத்துக்கு முன் எடுத்த தகவல் என்று போட்டிருந்தது. காலையில் கிளம்பும்போது வந்தது அது. அப்புறம் இணையமே கிடைக்கவில்லை.

ஆனால் பேசுவதற்கு சிக்னல் இரண்டு கோடு இருந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்டேன். என் மனைவி பார்த்துவிட்டு, "மேலே கனமழை எச்சரிக்கை போட்டிருக்காங்க, ராத்திரி 8 வரைக்கும். கடக்காதீங்க" என்றாள். நின்றுவிட்டேன். அரை மணி நேரத்தில் பாலத்தின் ஓரக்கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரடி உயரத்துக்கு ஓடும் தண்ணீரே சின்ன காரை மிதக்க வைத்துவிடும். இரண்டடி என்றால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அன்றைக்கு எச்சரிக்கை சரியாகவும் நேரத்தோடும் வந்திருந்தது. அது என்னிடம் வந்து சேரத்தான் நடுவில் என் மனைவி தேவைப்பட்டாள். அப்படிப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், ஐயா? அவள் செய்த அந்த வேலையைத் துறையே செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஒரு பொது எண் வேண்டும். சாலையின் எண்ணையும், பக்கத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் அதற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தப் பகுதியின் நிலவரம் பதிலாக வர வேண்டும். ஊர் பெயர் தெரியாத இடத்திலும் கல்லைப் பார்த்து அனுப்பிவிடலாம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான் இடம். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'மழை' என்பதே மூன்று. அதற்குள் சொல்ல முடியுமா என்று எழுதிப் பார்த்தேன்:

"மாலை 4 நிலவரம்: மேலே கனமழை, இரவு 8 வரை. தரைப்பாலம் கடக்க வேண்டாம்."

இடைவெளி உட்பட 66 எழுத்துதான். தகவல் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது முதலிலேயே வர வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். இடிமழை விஷயத்தில் காலைத் தகவலை மாலையில் நம்புவது ஆபத்து. படிக்கத் தெரியாதவர்கள் அதே எண்ணை அழைத்தால், பதிவு செய்த குரலில் கேட்கும் வசதியும் வேண்டும்.

கேட்டால்தான் பதில் என்றிருப்பதும் போதாது. முன்பே பதிவு செய்தவர்களின் எண்களுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பினால், வழிப்போக்கனுக்கு அது வராது. செல் பிராட்காஸ்ட் முறையில் யாருடைய எண்ணும் தேவையில்லை. ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இயங்கும், அந்த வசதியுள்ள கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்; அழைப்புகள் நெரிசலில் திணறும்போதும் போகும். பெருமழை, மின்னல், காற்று எச்சரிக்கைகளை மலைச்சாலைக் கோபுரங்களிலிருந்து இப்படி அனுப்ப வேண்டும்.

சிக்னலே இல்லாத இடத்துக்கு வானொலிதான். அமெரிக்காவில் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் வானிலைத் தகவல் இரவும் பகலும் ஒலிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகள் இருக்கின்றன. கடலில் போகும் கப்பல்களுக்கு நாவ்டெக்ஸ் முறையில் 518 கிலோஹெர்ட்ஸில் எச்சரிக்கை எழுத்தாகவே வந்து விழுகிறது, அதற்கும் இணையம் வேண்டாம். அதிலேயே உள்ளூர் மொழிக்கென 490 கிலோஹெர்ட்ஸையும் ஒதுக்கியிருக்கிறார்கள். மாலுமிக்குக் கிடைப்பது மலையேறும் ஓட்டுநருக்கும் கிடைக்க வேண்டும். தனி அலைவரிசைக்கு நாளாகும் என்றால், சரி, இருக்கும் வானொலி நிலையங்களிலேயே மணிக்கு ஒரு முறை, குறித்த நிமிடத்தில், சாலைவாரியாக இரண்டு நிமிடம் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். நேரம் மட்டும் மாறக் கூடாது.

2027 முடிவதற்குள் உலகில் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலர் 2022 மார்ச் மாதம் அறிவித்தார். அந்த 'எல்லோரிலும்' வழியில் இருப்பவர்களும் உண்டு.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஏதாவது ஒரு மலைச்சாலையிலாவது இதைச் சோதனையாகத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவில் இணையம் போகிறது, எங்கே பேச்சு மட்டும் கிடைக்கிறது, எங்கே அதுவும் இல்லை என்று நான் ஓட்டும் சாலைகளுக்கு ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சரக்கு வேன் ஓட்டுநர்

இணைப்பு: சிக்னல் குறிப்பேட்டின் நகல்