மல்லிப் பொட்டலம் கிடைச்சுது அம்மா

ட்ரொம்சோ, நோர்வே
டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கட சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுறன். உங்கட கடிதமும் கொத்தமல்லிப் பொட்டலமும் ஒஸ்லோ மச்சான் தபாலில் அனுப்பி, போன கிழமை கைக்கு வந்தது. நாலு மாதமா நான் ஒரு வரி எழுதேல்லை, கோவிக்காதேங்கோ. போனில் உங்களுக்குக் காது விளங்காமல் "ம், ம்" எண்டு வைச்சிடுறியள். அதாலை எல்லாத்தையும் ஆறுதலா எழுதுறன்.

என்ர தடிமன் குரலைக் கேட்டு நித்திரை வரேல்லை எண்டு எழுதியிருந்தியள். அது மாறீட்டுது. இஞ்சை சூரியன் நவம்பர் 27 அளவில் போனது, இனி ஜனவரி நடுவில்தான் எழும்பும். மலை மறைக்கிறதால் ஊருக்குள் 21ஆம் திகதிதான் வெயில் தெரியும். அண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் பாடி, இனிப்புப் பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுவினம். மத்தியானத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும். வெயில் படாட்டில் தோல் விற்றமின் டி செய்யாது. எங்கட நிறத்துக்கு இன்னும் கூட வெயில் வேணுமாம். அந்தச் சத்துக் குறைஞ்சால் எலும்போட நோயை எதிர்க்கிற பலமும் தளரும்.

இதை எனக்கு விளங்கப்படுத்தினது கீழ்வீட்டு அம்மா. 81 வயது, தனிய இருக்கிறா. முதல் மாரியில் ஒரு போத்தலும் கரண்டியுமாக் கதவைத் தட்டினா. கொட் மீன் ஈரல் எண்ணெய், இஞ்சத்த ஆக்கள் "திரான்" எண்டு சொல்லுவினம். மாதத்தின்ர பேரில் "ர்" சத்தம் வந்தால் குடிக்க வேணும் எண்டது இஞ்சத்தப் பழக்கம். இவையின்ர மொழியில் மே, ஜூன், ஜூலை, ஓகஸ்ட் நாலும்தான் தப்பும். ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், 10 மைக்ரோகிராம் விற்றமின் டி இருக்கு. நான் முகத்தைச் சுழிக்க, விழுங்கும்வரை அசையாமல் நிண்டு பாத்தா. வேப்பிலைச் சாறு பருக்கேக்கை நீங்களும் அப்பிடித்தான் நிப்பியள்.

பனி கொட்டினாலும் அவ ஒரு நாளும் நடையை விடமாட்டா. சப்பாத்தில் ஆணி பூட்டி, கையில் வெளிச்சம் பட்டால் மினுங்கிற பட்டி கட்டிக்கொண்டு போவா. கூடாத காலநிலை எண்டு ஒண்டில்லை, கூடாத உடுப்புத்தான் இருக்கு எண்டுவா. கைக்குழந்தையளையே கம்பளியால் சுத்தி, தள்ளுவண்டிலோட வெளியில் நித்திரையாக்கிறவை இவை. முதல் கண்டபோது எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. என்ர பருத்தி உள்பெனியனைப் பாத்திட்டு, செத்துப்போன மனுசன்ர கம்பளி பெனியன் இரண்டைத் தந்தா. பருத்தி வேர்வையில் நனைஞ்சால் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்கும், கம்பளி நனைஞ்சாலும் சூடு தரும். இப்ப அதுதான் உள்ளுக்குப் போடுறன்.

குளிரால் தடிமன் வாறேல்லை அம்மா, கிருமியால்தான். பூட்டின அறைக்குள் நெருங்கியிருந்தால் ஆளுக்காள் தொத்தும். அதாலை நாளுக்கு இரண்டுதரம் யன்னலைத் திறந்து காத்து விடுறன். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில் விரலிடுக்கு, நகத்தடி எல்லாம் தேய்ச்சுக் கை கழுவோணும். காய்ச்சல் ஊசியும் ஒக்டோபரில் போட்டாச்சு. படத்தில் மோதிரம் காணேல்லை எண்டு கேட்டிருந்தியள். மோதிரத்துக்கடியில் கிருமி தங்கும் எண்டு இரண்டு வேலையிலும் போட விடமாட்டினம். அது பத்திரமா இருக்கு, அதை யோசியாதேங்கோ. நித்திரைதான் கிழமையில் மூண்டு இரவு கொஞ்சம் குழம்புது. மற்றப்படி குறையில்லை.

சாப்பாட்டுக்கு மீன் தாராளம். கொட் மீனில் உள்ளியும் மிளகும் கூடப் போட்டுக் குழம்பு வைக்கிறன். முருங்கையிலை மட்டும் கண்ணிலும் இல்லை. ஞாயிறில் புட்டு அவிச்சால் பாதியைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோவன். எங்கட புட்டுக்குழல் ஒரு ஆளுக்கு ஏத்ததில்லையே.

பொட்டலத்தை அவிழ்த்தவுடன் வறுத்த மல்லியும் வேர்க்கொம்பும் மணந்தது. அடுப்புப் புகை, மாரி மழை, நீங்கள் ஊதுகுழலோட குனிஞ்சு இருமுற சத்தம் எல்லாம் ஒண்டா வந்திட்டுது. குசினியில் அப்பிடியே இருந்திட்டன். மல்லிக்கு வைச்ச தண்ணி வத்தி, சட்டி அடிப்பிடிச்சது. பிறகு திரும்ப வைச்சு இரண்டு கோப்பையில் ஊத்தினன், ஏனெண்டு தெரியேல்லை. இரண்டையும் நானே குடிச்சன்.

சரி, வீட்டு விசயத்துக்கு வாறன். மழை விட்டவுடன் டெங்கு வரும். சிரட்டை, பழைய ரயர் எல்லாத்தையும் கவிட்டு வைக்கத் தம்பியிட்டைச் சொல்லுங்கோ. காய்ச்சல் வந்தால் மல்லித் தண்ணியோட நிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அஸ்பிரின் போடக்கூடாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுற பழக்கத்தையும் விடுங்கோ, உங்களுக்கும் ஒரு மீன்துண்டு வேணும்.

தங்கச்சியின்ர கலியாணப் பேச்சுக்கால் விசயத்தில் அவளைக் கேளாமல் சொல் குடுக்காதேங்கோ. அவள் படிப்பை முடிக்கட்டும். கிழக்கு வேலியைப் பக்கத்துக் காணிக்காரர் ஒரு முழம் தள்ளிப் போட்டினம் எண்டு எழுதினியள். சண்டை வேண்டாம், சின்னமாமாவைக் கூட்டிக்கொண்டு போய் காணி உறுதியைக் காட்டிக் கதையுங்கோ. பாங்கில் கொஞ்சம் சுணக்கம், இந்த மாதக் காசு பிந்தும். அதுவரை சீட்டுக்காசைச் சங்கக்கடை மாமாவிட்டைக் கைமாத்தா வாங்குங்கோ. தை பிறக்க முதல் கிடுகுக்கும் சேர்த்து அனுப்புறன்.

உங்கட காதுக்கு மெசின் போட எவ்வளவு காசு முடியும் எண்டு கேட்டு எழுதுங்கோ.

அன்பு மகன்