சம்மதம் கேட்கும் இடத்துக்கும் ஒரு படலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணத்துக்குச் சம்மதம் கேட்பதற்கு ஏற்ற வித்தியாசமான இடங்களைப் பற்றித் தங்கள் வாரமலரில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிக் கேட்பது, கடலுக்கடியில் சுழியோடிகளின் உடையோடு கேட்பது, விளையாட்டரங்கின் பெரிய திரையில் பெண்ணின் பெயரை ஒளிரவிட்டுக் கேட்பது என்று வெளிநாட்டு வழக்கங்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்திலும் இரணைமடுக் குளக்கட்டு, மன்னார்ப் பெருக்கமரம், அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் டொறிக் மாளிகை, நந்திக்கடல் களப்பின் நடுவில் நிறுத்திய வள்ளம் எனச் சில இடங்களைக் கட்டுரையாளர் பரிந்துரைத்திருந்தார். வன்னி என்றதும் போரை மட்டும் எழுதாமல் இப்படியொரு காரியத்துக்காகவும் எங்கள் ஊர்களை ஒருவர் நினைத்துப் பார்த்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. ஆனால் கேட்பவர் எங்கே நிற்பார், எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக விழும், படம்பிடிப்பவர் எங்கே மறைந்திருப்பார் என்றெல்லாம் விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரையில், கேட்கப்படுகிறவர் "வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தால் அந்த இடத்தைவிட்டு எப்படித் திரும்பிப் போவார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் வன்னியில் 20 ஆண்டுகளுக்கு மேல் விவாகப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அறிவித்தல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, எதிரே கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பதற்றம் தணியட்டும் என்பதற்காக, "எங்கை வைச்சுக் கேட்டவர், பிள்ளை?" என்று பெண்ணிடம் கேட்பது என் வழக்கம். சாதகம் பொருந்தித் தரகர் பேசி வந்த சம்பந்தங்களில்கூட, பெரியவர்கள் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளை தனியாக ஒருமுறை பெண்ணின் விருப்பத்தைக் கேட்டிருப்பார். அந்த இடத்தைச் சொல்லும்போது பெண்ணின் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் கேட்டேன் என்றும் சொல்லலாம். அப்படிக் கேட்டு வைத்திருக்கும் பதில்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கேட்டவர்கள் பலர். ஏ9 வீதியால் போகும் வாகனம் எதுவாக இருந்தாலும் அங்கே நின்று, இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும் என்பது வாசகர்கள் அறிந்ததே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரே பேருந்தில் ஊருக்கு வந்துகொண்டிருந்த மாணவியிடம் கச்சான் பையை நீட்டிக்கொண்டே கேட்டாராம். நடத்துநர் சத்தம் போட்டு அழைக்க, அந்த மாணவி ஒரு பதிலும் சொல்லாமல் ஏறித் தன் இருக்கையில் போய் அமர்ந்துவிட்டார். பதில் இரண்டு வாரம் கழித்துக் கடிதமாக வந்தது. அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது, "பஸ் வெளிக்கிட்டது எனக்கு நல்லதாப் போச்சு" என்றார். நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இன்னொரு சோடி 2022 இல் எரிபொருள் வரிசையில் பழகியவர்கள். ஒரு மோட்டார் சைக்கிளின் தாங்கியை நிரப்ப இரவும் பகலும் காத்துக் கிடந்த அந்த நாட்களில் முன்னும் பின்னுமாக நின்றவர்கள், ஒருவருடைய இடத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு மாறி மாறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள். அவர் கேட்டதும், "பம்ப் வருமட்டும் யோசிக்கிறன்" என்று அந்தப் பெண் சொன்னாராம். பம்ப் வர இரண்டு நாள் ஆனது. நாடே நொந்து நின்ற ஓர் இடத்தில் கேட்கப்பட்ட கேள்விதான், ஆனாலும் அவருக்கு யோசிக்க இரண்டு நாளும், விருப்பமில்லாவிட்டால் வரிசையை விட்டுப் போக வழியும் இருந்தன.

எல்லாருக்கும் அப்படி வழி இருக்கவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் இடப்பெயர்வுக் காலத்தில் நடந்த கல்யாணங்களைப் பதிவு செய்ய வந்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் பெற்றோர் அவசரமாகச் செய்துவைத்த கல்யாணங்கள் அவற்றுள் நிறைய. ஒரு பெண்ணிடம் வழக்கம்போல எங்கே வைத்துக் கேட்டார் என்று கேட்டேன். "மாத்தளனிலை, பங்கருக்குள்ளை. வெளியிலை செல் விழுந்துகொண்டிருந்தது. ஓம் எண்டு சொல்லாமல் என்ன செய்யிறது, அக்கா?" என்றார். பக்கத்தில் இருந்த கணவர் சிரித்தார், அவரும் சிரித்தார். அவர்கள் இன்றும் நன்றாக வாழ்கிறார்கள், மூன்று பிள்ளைகள். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் இதுவரை மறக்க முடியவில்லை. உலகத்தில் யாரும் கேட்டிராத இடத்தில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும் இன்றைய பிள்ளைகளுக்கு, அப்படிப்பட்ட இடங்களில் கேட்கப்பட்டவர்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் யாரும் அந்த இடத்தைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அதனால்தான், களப்பின் நடுவில் வள்ளத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று கட்டுரையாளர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் பதைத்தது. சுற்றிலும் தண்ணீர், தண்டு கேட்பவரின் கையில், எதிரே கமெரா. அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாயில் வரும் சொல் ஒன்றாகத்தான் இருக்கும். திருவிழா மேடையும் அதைப் போன்றதே. சில காலத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஊரொன்றில், இன்னிசை நிகழ்ச்சியின் இடையில் ஒரு இளைஞர் ஒலிவாங்கியை வாங்கி, சனத்துக்குள் இருந்த பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டார். சனம் கைதட்டி ஆரவாரம் செய்தது, பெண் தலையசைத்தார், அந்தக் காணொளி கைபேசிகளில் ஊர் முழுவதும் சுற்றியது. பிறகு பதிவுக்கு அவர்கள் வரவேயில்லை. சில கிழமைகளில் அந்தப் பெண் கொழும்பில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆயிரம் பேருக்கு முன்னால் சொன்ன ஒரு "ஓம்" ஐத் திரும்பப் பெறுவதற்கு அவர் ஊரையே விட்டுப் போக வேண்டியிருந்தது.

இது புதிய கருத்தும் அல்ல. எங்கள் பழைய அகப்பொருள் மரபில் காதலர் சந்திக்கும் இடத்துக்குக் குறியிடம் என்று பெயர். பகலில் சந்திப்பது வீட்டுக்கு வெளியே, தலைவி அறிந்த இடத்தில். இரவில் சந்திப்பது வீட்டார் பேசுவது காதில் விழும் தொலைவில். அந்தக் களம் இன்னது என்று சுட்டிச் சொல்லும் உரிமை தலைவிக்கே உரியது என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. தலைவன் வந்து நிற்பான், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவளோ அவள் சார்பில் தோழியோதான் சொல்வார்கள். மோதிரத்தை மறைத்து வைத்துத் திகைக்க வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம். அதை முற்றாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் திகைப்பு கேள்வியில் இருக்கலாம், இடத்தில் இருக்கக்கூடாது.

சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் நடக்கும் விவாகம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், சாட்சிகள் இருவருக்குக் குறையாமல் இருக்க, கதவுகள் திறந்திருக்க நடைபெற வேண்டும். மழை நாளில் சாரல் அடித்துப் பதிவேடு நனையப் பார்த்தாலும் நான் கதவைச் சாத்தியதில்லை. தொடக்கத்தில் அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து அந்தக் கதவால் வெளியே நடந்து போன ஒரு நாளுக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

கட்டுரையாளர் குறிப்பிட்ட இடங்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இரணைமடுக் குளக்கட்டு நல்ல இடம். மாலையில் காற்று வரும், இரு பக்கமும் பாதை திறந்திருக்கும், போவோர் வருவோர் இருப்பார்கள், ஆனால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் மட்டும் வான்கதவுகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். 2018 டிசம்பரில் கதவுகளைத் திறந்தபோது வந்த வெள்ளத்தைக் கிளிநொச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிப்பு மாளிகை, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரடெரிக் நோர்த்துக்குக் கட்டப்பட்டது. கடலரிப்பால் கரை இடிந்துகொண்டே வருவதால் சுவரில் ஏறி நின்று படமெடுப்பது உயிராபத்து. வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள் இறங்கியிருக்கும் காலத்தில் வண்ணப் புகை விடுவதும் ட்ரோன் பறக்கவிடுவதும் அந்தப் பறவைகளை விரட்டிவிடும். ஆள் நடமாட்டமில்லாத இடம் தேடி முகமாலைப் பக்கத்திலோ காட்டோரங்களிலோ மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். அங்கே மிதிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டாக நடக்கிறது என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். நந்திக்கடலையும் முள்ளிவாய்க்கால் கரையையும் பொறுத்தவரை என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த மணலில் தம் உறவுகளை விட்டுவிட்டு வந்தவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். அங்கே மலர் வளையம் கட்டி, இதய வடிவில் விளக்கேற்றிப் படமெடுப்பதை அவர்கள் கண்ணில் படாமல் செய்ய முடியாது.

பூநகரியிலுள்ள சங்குப்பிட்டிப் பாலத்தின் கம்பியில் பூட்டுப் போடும் யோசனையையும் கைவிட்டால் நல்லது. பாரிஸில் செய்ன் நதியின் மேலுள்ள போன் தெ ஆர் பாலத்தில் காதலர் போட்ட பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014 இல் கைப்பிடியின் ஒரு பகுதி விழுந்து, அடுத்த ஆண்டு சுமார் 45 தொன் பூட்டுகளை அகற்ற வேண்டி வந்தது. போக்குவரத்துக்குப் படகுப் பாதையை நம்பியிருந்த பூநகரி மக்களுக்கு அந்தப் பாலம் 2011 இல்தான் கிடைத்தது.

நான் கேட்ட பதில்களில் மிகச் சிறந்ததை இறுதியாகச் சொல்கிறேன். போரில் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தனியாகத் தோட்டம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, அதே ஊரில் உழவு இயந்திரம் ஓட்டும் ஒருவர் விரும்பினார். விதவைக்கு இரண்டாம் கல்யாணமா என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் குறையவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சியே அவர் ஒரு ஆண்டு பேசாமல் இருந்திருக்கிறார். பிறகு ஒருநாள் பின்னேரம் தன் தாயையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். போனவர் படலையைத் திறக்கவில்லை. வெளியே, ஒழுங்கையில் நின்றே கேட்டார். உள்ளே முற்றத்தில் கச்சான் காயவைத்துக்கொண்டிருந்த பெண், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், காலபோக அறுவடை முடியட்டும் என்றாராம். அறுவடை முடியும்வரை அவர் அந்த ஒழுங்கையால் போகும்போதெல்லாம் உழவு இயந்திரத்தை நிறுத்தாமல் போயிருக்கிறார். மாசி மாதத்தில் ஒருநாள் பெரிய பிள்ளை ஓடிப்போய்ப் படலையைத் திறந்து, "அம்மா வரச் சொன்னவ" என்று கூப்பிட்டது. பதிவுக்கு வந்த அன்று அந்தப் பிள்ளையும் என் அலுவலக வாசலில் நின்றது.

தங்கள் வாரமலர் அடுத்த முறை இப்படியொரு பட்டியலை வெளியிடுவதாக இருந்தால், கேட்டவர்களிடம் மட்டுமன்றி, கேட்கப்பட்ட பெண்களிடமும், முக்கியமாக "வேண்டாம்" என்று சொன்னவர்களிடமும், பெயர் குறிப்பிடாமல் எழுதி வாங்கி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன்னரே அது வெளிவந்தால் உதவியாக இருக்கும். குளங்கள் வான் பாய்வதும் அந்தக் காலத்தில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவாகப் பதிவாளர்,
ஒட்டுசுட்டான்.