என் நண்பனுக்காக ஓடி வந்த உங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

அவன் தவறிப் போனதுல இருந்து உங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன் பண்ணி நன்றி சொல்லணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. உக்காந்து லிஸ்ட் எழுத ஆரம்பிச்சா பாதிப் பேரோட பேரே தெரியல. பிளேட்லெட் கொடுத்துட்டு, முழங்கையில பஞ்சு ஒட்டியிருக்க, ஒரு வார்த்தை கூட எதிர்பார்க்காம கிளம்பிப் போனவங்க தான் அதுல முக்காவாசி. அதனால தான் பொதுவுல எழுதுறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அவனுக்கு உதவியிருந்தா இத அவங்களுக்கு அனுப்பிடுங்க.

பிளேட்லெட் கொடுத்தவங்கள்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். அவனுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். கீமோ ஏத்தினா, ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட்டோட கவுண்ட் மளமளன்னு இறங்கிடும். நல்லா இருக்கிற ஒருத்தருக்கு 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் இருக்கும், அவனுக்கு 10,000-க்குக் கீழ போயிடும், அப்படிப் போனா உடனே ஏத்தியாகணும், இல்லன்னா உடம்புக்குள்ள எங்க வேணா ரத்தம் கசியலாம். சரி முன்னாடியே வாங்கி வச்சிக்கலாம்னா அதுவும் நடக்காது, எடுத்த பிளேட்லெட் சாதாரணமா 5 நாள் தான் தாங்கும், ஃபிரிட்ஜ்லயும் வைக்க மாட்டாங்க, ரூம் டெம்பரேச்சர்ல ஒரு மெஷின்ல ஆட்டிக்கிட்டே வச்சிருப்பாங்க. அதனால ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் வந்து, மெஷின் பக்கத்துல கைய நீட்டிட்டு ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் உக்காரணும், ரத்தத்த எடுத்து பிளேட்லெட்ட மட்டும் பிரிச்சுட்டு மிச்சத்த திரும்ப உங்க உடம்புக்கே ஏத்துவாங்க. ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டா காலைல ஆறு மணிக்கு பிளட் பேங்க் வாசல்ல நின்னீங்க. அவனை ஒரு தடவை கூட பாத்ததில்ல நீங்க. அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமைன்னு நினைக்கிறேன்.

1986ல ஹாலி வால்நட்சத்திரம் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பசங்க. விடியக்காலைல அதைத் தேடிப் போனதுல தான் பழக்கமே ஆரம்பிச்சது. அந்தத் தடவை அது ரொம்ப மங்கல், பஞ்சைப் பிச்சு போட்டாப்ல ஒரு துளி வெளிச்சம், அவ்ளோதான். ஆனா அதைப் பாத்துட்டு அவன் போட்ட சத்தம் இருக்கே, இன்னைக்கும் காதுல கேக்குது. அன்னைக்குப் பிடிச்ச வானப் பைத்தியம் கடைசி வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் விடல.

காலேஜ் முடிச்ச சமயத்துல டெலஸ்கோப் வாங்க கையில காசு இல்ல, கண்ணாடிய நாமே தேய்ச்சுக்குவோம்டான்னு கிளம்பிட்டான். ஆறு இன்ச் கண்ணாடி வட்டு ரெண்டு, நடுவுல கண்ணாடிய அரைக்கிற கார்போரண்டம் பொடியும் தண்ணியும், மேல இருக்கிறத முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தேய்க்கணும், கொஞ்சம் கொஞ்சமா மேல் வட்டு குழியும் கீழ் வட்டு மேடாகும். ஒரு டிரம் மேல வச்சு அதச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே தேய்ப்போம். பொடி புதுசா இருக்கும்போது கரகரன்னு சத்தம், அரைபட அரைபட உஸ்ஸுன்னு ஆயிடும், அந்தச் சத்தத்த வச்சே அவன் கண்ண மூடிக்கிட்டு "போதும், கழுவு" ன்னுவான். கழுவிட்டு அடுத்த நைஸ் பொடி. ஒரு பெரிய துகள் மாட்டினாலும் கீறல் விழுந்துடும், மறுபடி பழைய பொடியில இருந்து ஆரம்பிக்கணும், அதுக்கெல்லாம் அவன் ஒரு நாள் கூட மூஞ்சி சுளிச்சதில்ல, பாட்டு பாடிக்கிட்டே திரும்ப ஆரம்பிப்பான். அந்தக் கண்ணாடில தான் 1994 ஜூலைல வால்நட்சத்திரத் துண்டுங்க வியாழன் கிரகத்துல வந்து மோதினப்ப அந்தக் கரும்புள்ளிங்கள பாத்தோம். சொந்தக் கையால தேய்ச்ச கண்ணாடில வேற ஒரு கிரகத்தோட காயத்தப் பாத்தவன் என் நண்பன்!

அப்புறம் 1997ல ஹேல்-பாப் வால்நட்சத்திரம், 2004ல வெள்ளி சூரியனுக்குக் குறுக்க நகர்ந்தது, 2020 டிசம்பர்ல வியாழனும் சனியும் ஒட்டி நின்னது, எல்லாமே ஒண்ணா தான். வேலை, கல்யாணம், குழந்தைங்கன்னு எவ்வளவோ மாறிச்சு, மொட்டை மாடி மட்டும் மாறல.

ஆனா அவனோட உண்மையான காதல் ஒளி மாறுற நட்சத்திரங்க மேல தான். திருவாதிரைய பக்கத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டு வெளிச்சத்த அளந்து நோட்ல எழுதுவான், சிவப்பு தாள் ஒட்டின டார்ச் வெளிச்சத்துல. 2019 கடைசில அது மங்க ஆரம்பிச்சு 2020 பிப்ரவரில ரோகிணிய விடவே கீழ போயிடுச்சு, உலகமே அது வெடிக்கப் போகுதுன்னு பேசுது, இவன் பதறவே இல்ல, தினமும் ஏறி அளந்து எழுதினான். பின்னாடி ஆராய்ச்சியாளர்கள் அது கக்கின தூசு மறைச்சதுன்னு சொன்னப்ப நோட்ட எடுத்து எனக்கு ஒவ்வொரு நாளா காட்டினான். இந்த இடத்துல பக்கத்து வீட்டு அய்யாவுக்கு நன்றி சொல்லியே ஆகணும். வானம் தெளிவா இருக்கிற ராத்திரியெல்லாம் அவர் மாடி லைட்ட அவரே அணைச்சுடுவார், ஒரு தடவை கேட்டதோட சரி, அதுக்கப்புறம் நாங்க ஞாபகப்படுத்தினதே இல்ல. அய்யா, அந்த நோட்ல இருக்கிற பாதி அளவு உங்க புண்ணியம்.

டாக்டர் அம்மாவுக்கு. எங்களுக்கு ஒண்ணும் மறைக்காம, புரியிற பாஷைல சொன்னீங்க. மருந்து கேக்கலன்னு தெரிஞ்சதும் அவன் கைய பிடிச்சுக்கிட்டு அவன்கிட்டயே சொன்னீங்க. அவனும் அதை உங்ககிட்ட எதிர்பார்த்தான். நைட் ஷிஃப்ட் நர்ஸ் அக்கா, நீங்க ரூம் லைட்ட அணைச்சு ஜன்னல் திரைய ஒதுக்கி விட்டது, கை நடுங்க ஆரம்பிச்சப்ப அவன் சொல்லச் சொல்ல நோட்ல எழுதினது, எதையும் நாங்க மறக்கல. உங்க கையெழுத்து அந்த நோட்ல இருக்கு அக்கா.

வட மகுடம்னு ஒரு விண்மீன் கூட்டத்துல ஒரு நட்சத்திரம் சுமார் 80 வருஷத்துக்கு ஒரு தடவை திடீர்னு வெடிச்சு பிரகாசமாகும், 1866ல, அப்புறம் 1946ல. அடுத்தது எப்ப வேணா வரலாம்னு 2024ல இருந்தே பேச்சு. ஆஸ்பத்திரி ஜன்னல்ல அந்தப் பக்க வானம் தெரியாது, அதனால நான் மாடிக்குப் போய் பாத்துட்டு போன் பண்ணணும். போன எடுத்ததும் "ஹலோ" கூட கிடையாது, "வெடிச்சிடுச்சா?" தான். "இன்னும் இல்லடா" ன்னா, "நல்லது, எனக்காக வெயிட் பண்ணுது" ன்னு சிரிப்பான். கீமோ போட்டு வாய் முழுக்கப் புண்ணா இருந்த நாள்ல கூட அந்தச் சிரிப்பு நிக்கல. பிளேட்லெட் கொடுத்தவங்களே, உங்களால எனக்குக் கிடைச்சது அந்த போன் கால்கள்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததுக்கப்புறம் வலி தணிப்பு சிகிச்சைக்கு வந்த தம்பி, மார்ஃபின்னு கேட்டதும் நடுங்கிப் போன எங்கள உக்கார வச்சு, வலிக்குத் தக்க அளவுல நேரம் தவறாம கொடுத்தா பயப்பட ஒண்ணுமில்லன்னு புரிய வச்சீங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அலாரம் வச்சு. வலி அடங்கினதும் எங்க பழைய ஆள் திரும்பி வந்துட்டான், பேச்சும் கேலியும் சண்டையுமா. அந்த வாரத்துல தான் தெருப் பசங்க நாலு பேர் நாற்காலியோட அவனைத் தூக்கிட்டு மாடி ஏத்தினீங்க. படி குறுகல், திருப்பத்துல ஒருத்தன் சுவத்துல தோள் உரசி தோல் போயிடுச்சு, அவன் இறக்கி விடவே இல்ல. தம்பி, உன்னை அவன் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான், தோள் ஆறிடுச்சான்னு.

தங்கச்சி, உனக்கு நான் நன்றி சொன்னா கோவிச்சுக்குவ, தெரியும். இத்தனை வருஷம் உன் வீட்டு ராத்திரிகள எங்களுக்கு விட்டுக் கொடுத்த. அவன் என் நண்பனா இருந்ததுல உன் பங்கு பெருசு, அதை நாலு பேர் முன்னாடி சொல்லிடுறேன்.

கடைசியா சில விஷயம். டெலஸ்கோப் அவன் பொண்ணுகிட்ட தான் இருக்கும். கண்ணாடிக்கு புதுசா அலுமினியம் பூசணும், அந்தச் செலவ நாங்க பாத்துக்கிறோம், யாரும் பணம் அனுப்ப வேணாம். நோட்டெல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கோம், வேணும்ங்கிறவங்க கேளுங்க, தரேன். அவன் பக்கத்து பெட்ல இருந்த சின்னப் பையனுக்கு இன்னும் பிளேட்லெட் தேவைப்படுது, ஏற்கனவே கொடுத்தவங்கள்ல இப்ப முடியும்ங்கிறவங்க பிளட் பேங்க்ல சொல்லி வைங்க, நான் கூட வரேன்.

அன்போட,
அவன் கூட்டாளி