பெண் வேடம் கேலிக்கல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

மேடைகளில் பெண் வேடமிடும் பையன்கள் இடுப்பை ஆட்டிக் கீச்சுக்குரலில் பேச, சபை சிரிக்கிறது. பிழை பழக்குபவர்களுடையது. காத்தவராயன் கூத்தில் நாயகி ஆரியமாலையாக ஆண்களே ஆடிவந்த மண் இது. நடக்கும் அடியைப் பாதியாகக் குறுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைத் தளர்த்தினால் போதும். குரலைத் திருகினால் தொண்டை இறுகிச் சுருதி விலகும். சொந்தச் சுருதியிலேயே மெதுவாகப் பாடட்டும்.

அரிச்சந்திரன் நாடகத்தின் சுடுகாட்டுப் பகுதியான மயான காண்டத்தில் மகன் பிணத்துக்கே கால் பணமும் முழத்துண்டும் கேட்கும் அரிச்சந்திரன் உள்ளே உருகுகிறான். இசை நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து அந்த வேடத்தில் நிற்கையில் சனம் கண் கலங்கியது. ஆணும் அழலாம் என்பதை மேடையிலும் பழகினோம். இன்று கேலியையும் அங்கேயே பழகுகிறோம். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நடுவர்கள் இந்தக் கேலிக்குப் புள்ளி குறைக்க வேண்டும்.

கூத்துப் பழக்குநர்கள்,
யாழ்ப்பாணம்.