சகோதரி ரூத் ஃபாவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

இயேசுவில் அன்புக்குரியவர்களே, இறைவனை வேறு பெயரால் அழைத்தாலும் இதே பணியில் எங்களோடு நின்றவர்களே,

பாகிஸ்தானில் தொழுநோயாளர்களுக்காக வாழ்ந்த அருள்சகோதரி டாக்டர் ரூத் ஃபாவ் 2017 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் இறைவனில் இளைப்பாறினார். அப்போது அவருக்கு வயது 87. அவர் நினைவு நாளில் அவரைப் பற்றிப் பேசுவோர் உண்டு. இந்த மடல் உங்களுக்கானது. தொழுநோய்ப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு நோயாளியைக் குணமாக்க ஒரு மருத்துவர் போதும், ஒரு நாட்டில் அந்த நோயைக் கட்டுப்படுத்த மருந்து எண்ணித் தருபவர், வீடு வீடாக ஏறி இறங்குபவர், செருப்புத் தைப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் எல்லாரும் வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் மற்றவர்கள் செய்த வேலை வீணாகிவிடும்.

முதல் நன்றி, அவரை அனுப்பிவைத்த மரியாவின் இதயப் புதல்வியர் சபைக்கு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், துறவு மடங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த 1790-இல் பிறந்த சபை அது. ஆகவே தொடக்கத்திலிருந்தே தனி உடுப்பும் மதில் சூழ்ந்த மடமும் இல்லாமல் மக்களோடு மக்களாக வாழ்வதே அதன் வழக்கம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1929-இல் பிறந்து, மருத்துவம் படித்து, 1957-இல் அச்சபையில் சேர்ந்த சகோதரி, பாகிஸ்தானின் மலைக் கிராமங்களில் சல்வார் கமீசும் துப்பட்டாவுமாக நடக்க முடிந்ததற்கு அதுவே காரணம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்தான் அவர். விசா சிக்கலால் 1960 மார்ச் 8 அன்று கராச்சியில் இறங்கினார். போக வேண்டிய இடம் வேறு என்று சபை அவரைத் திருப்பி அழைக்காமல், அங்கேயே வாழவிட்டது. அதற்காக எங்கள் வணக்கம்.

சகோதரி பெர்னீஸ் வர்காஸை நினைத்து நன்றி சொல்கிறோம். மெக்சிகோவிலிருந்து வந்த மருந்தாளுநரான அவர், ரூத் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கராச்சியின் மெக்லியோட் சாலையை ஒட்டிய தொழுநோயாளர் குடியிருப்பில் ஒரு சிறு மருந்தகம் நடத்திக்கொண்டிருந்தார். பெட்டிப் பலகைகளை அடித்து எழுப்பிய குடிசை அது. குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, சாக்கடை தரையிலேயே ஓடியது. ரூத்தை அங்கே அழைத்துச் சென்று காட்டியிராவிட்டால், கைகளையும் கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வந்த ஓர் இளம் நோயாளியை அவர் பார்த்திருக்கப் போவதில்லை. கராச்சியில் தங்கும் முடிவும் பிறந்திருக்காது.

அந்தக் குடியிருப்பில் எலித் தொல்லை கொடுமையானது. ஏன் என்று வெளியிலிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இரவில் எலி விரலைக் கடித்தாலும் தூங்குபவருக்கு வலிக்காது. காலையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வாசனை போக்கிவிட்டு, துணியால் சுற்றிக்கொண்டு, கொசுவலைக்குள் படுப்பது இதற்கு எளிய காப்பு. வேலூரில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிய காலம் உண்டு. விரல் தானாக அழுகி விழுவதில்லை; வலி இல்லாததால் அடிபட்டும் சுடுபட்டும் தேய்ந்தும் போகிறது. அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய வேலூர்க் குழுவினரும் இதை நிறுவிக் காட்டியிருந்தார்கள். 1961-இல் தொழுநோய்ப் பயிற்சிக்காக ரூத் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலூர்க்காரர்களே, தமிழ்மண் சார்பில் உங்களுக்குச் சிறப்பு நன்றி. கராச்சி செய்த நன்மையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எங்களுக்குத் தந்தவர்கள் நீங்கள்.

தோல் மருத்துவர் டாக்டர் சரீனா ஃபசல்பாய் அவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். அயல்நாட்டுக் கன்னியர் ஒரு குடிசையில் செய்த சேவை அந்த நாட்டு மருத்துவத்தின் பகுதியாக மாறியதில் அவருடைய பங்கு பெரிது. 1960-களில் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தொடங்கியதும் அவரால்தான்.

அந்த உதவியாளர்களே, இந்த மடலின் பெரும்பகுதி உங்களுக்கு உரியது. தொழுநோய் டெக்னீஷியன் என்று உங்களை அழைத்தார்கள். நோயாளிகளும் நோயாளி வீட்டுப் பிள்ளைகளும் உங்களில் இருந்தீர்கள். உங்கள் வேலையின் நுணுக்கம் எங்களுக்குத் தெரியும். வெளிறிய தேமல் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் முதுகிலும் புட்டத்திலும் இருக்கும் தேமல் தப்பிவிடும். பர்தா வழக்கமுள்ள வீடுகளில் ஆண் பணியாளர் பெண்களைப் பார்க்க முடியாது. அங்கே ரூத்தும் மற்றப் பெண் பணியாளர்களும் உள்ளே போக வேண்டியிருந்தது. தேமலில் உணர்ச்சி பார்க்கப் பஞ்சு நுனியால் தொட்டு, நோயாளி கண்ணை மூடியபடி அந்த இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். "தெரியுதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "தெரியுது" என்று சொல்லிவிடுவார்கள். முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலின் தசைப்பகுதியால் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும், நகம் படக்கூடாது, அப்போது பார்வை நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், வலி முதலில் தெரிவது அங்கேதான். இதையெல்லாம் பலுசிஸ்தான் பாலையிலும் கில்கித் மலையிலும் கழுதைப் பாதைகளில் நடந்துபோய்ச் செய்தவர்கள் நீங்கள்.

மருந்து விநியோகம் இன்னும் கடினம். தொடக்கத்தில் இருந்தது டாப்சோன் என்னும் மாத்திரை ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும். இடையில் விட்டுவிட்டுச் சாப்பிட்டதால் கிருமிகள் அதற்கு அடங்காமல் போயின. 1980-களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. கிருமி மிகுந்த வகைக்குப் பெரியவர்களுக்கான அளவு இது: 28 நாளுக்கு ஒரு அட்டை. முதல் நாள் பணியாளர் கண்முன்னே ரிஃபாம்பிசின் 600 மி.கி., க்ளோஃபாசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி. மற்ற நாள்களில் வீட்டில் க்ளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. பிற்காலத்தில் இதன் காலம் 12 மாதம் என்று குறைந்தது. முதல் வேளை ரிஃபாம்பிசினிலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். மீதியை அழிக்கத்தான் இத்தனை மாதம்.

எங்கே தவறும் என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். க்ளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். ஊரார் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, குறிப்பாகக் கல்யாண வயதுப் பெண்கள், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருந்து முடிந்த சில மாதங்களில் நிறம் திரும்பும் என்பதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். நிறம் மாறிய பிறகு சொன்னால் சமாளிப்பு போலிருக்கும். அடுத்தது, கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினை. சிகிச்சையின் நடுவே நரம்பு வீங்கி வலிக்கும், தேமல் சிவந்து தடிக்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாத்திரையைத் தூக்கிப்போடுவார்கள். உண்மையில் கூட்டு மருந்தை நிறுத்தாமல், வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசலோனும் உடனே சேர்த்துக் கொடுத்துப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சில நாள் தாமதித்தாலும் கை மடங்கிவிடக்கூடும், பாதம் தொங்கிவிடக்கூடும். மலைப்பாதை மூடிக்கிடந்த குளிர்காலத்தில் அந்தச் சில நாளுக்குள் போய்ச் சேர்ந்தவர்களே, நேராக இருக்கும் ஒவ்வொரு விரலும் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.

பாதப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்களுக்கு நன்றி. நாற்றம் பிடிக்கும் அந்த வேலையைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. மரத்த பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடமாவது ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் பூச வேண்டும்; காய்ந்த பிறகு பூசினால் பயன் குறைவு. வெந்நீர் கூடவே கூடாது, சுடுவது அவர்களுக்குத் தெரியாது. புண் ஆறுவது களிம்பால் அல்ல, ஓய்வால். நடந்துகொண்டே ஆற்ற நினைத்தால் எந்த மருந்தும் பலிக்காது. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்னும் குடும்பத்திடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிவோம். அந்த வீட்டுக்கு மாவும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், புண்ணை ஆற்றியவர்களே.

செருப்புத் தைத்தவர்களே, எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பரை உள்ளேயும், முள் ஏறாத கெட்டி ரப்பரை அடியிலும் வைத்து, ஆணியே அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் கொடுத்தீர்கள். ஓர் ஆணி முனை வெளியே வந்தால் போதும், அவர் நாள் முழுக்க அதன்மேல் நடப்பார். குதிகாலுக்குப் பின்வார் வைக்க மறக்காததற்கும் நன்றி; வார் இல்லாவிட்டால் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்றுபோவது நடப்பவருக்குத் தெரிவதே இல்லை.

1957-இல் தொடங்கிய ஜெர்மன் தொழுநோய் நிவாரணச் சங்கத்துக்கும், அதற்குக் காணிக்கை அனுப்பிய பெயர் தெரியாத குடும்பங்களுக்கும் நன்றி. 1963-இல் கராச்சி சதர் பகுதியில் சபையின் நிறுவனர் மரி அடெலெய்ட் பெயரில் மருத்துவமனை எழுந்ததும், அது 157 மையங்களாகப் பரவியதும் உங்கள் கொடையாலும்தான். 1968-இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு இசைந்து, தனி மருத்துவமனையாக நின்றதை அரசு மருத்துவ அமைப்போடு சேர்த்த அதிகாரிகளையும் மறக்கவில்லை. 1996-இல் பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்தது என்ற அறிவிப்பு உங்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து.

2017 ஆகஸ்ட் 19 அன்று, தேசியக் கொடி போர்த்திய பெட்டியை இராணுவ வீரர்கள் சுமக்க, முழு அரசு மரியாதையோடு புனித பேட்ரிக் பேராலயத்தில் வழியனுப்பி, கோரா கப்ரிஸ்தான் என்னும் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தீர்கள். ஒரு கத்தோலிக்கக் கன்னியருக்காகக் கண்ணீர்விட்ட பாகிஸ்தான் முஸ்லிம் சகோதர சகோதரிகளே, உங்களுக்குக் கைகூப்பி நன்றி.

இந்த நோய் உடலுக்குள் சராசரியாக 5 ஆண்டு, சிலரிடம் 20 ஆண்டுகூட வெளிக்காட்டாமல் பதுங்கியிருக்கும். அதனால் புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். குணமானவர்களின் மரத்த பாதங்களுக்கு வாழ்நாள் முழுவதும் கவனிப்பு வேண்டும். இன்று காலையும் யாரோ ஒருவரின் பாதத்தைத் தொட்டியில் ஊறவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, இந்த மடலை எழுதி முடிக்கும் வேளையில் மீண்டும் ஒருமுறை எங்கள் நன்றி.

அன்புடனும் செபத்துடனும்,
தமிழகத்துத் தொழுநோய்ப் பணியாளர்கள்