யார் சார் இந்த ‘இணையம்’?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் கோடைச் சுற்றுலாக் கட்டுரைக்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஓட்டு வீட்டுக்குப் பின்னால் வேப்பமரம், மரம் நிறைய மஞ்சள் மூக்கு நாரைகள், கீழே கொடியில் ஒரு சேலை காய்கிறது. நல்ல படம். நான் எடுத்ததுதான். அடியில் ‘படம்: இணையம்’ என்று இருக்கிறது.

யார் சார் இந்த இணையம்? உங்கள் இதழில் வாரம் தவறாமல் அவர் படம்தான் வருகிறது. தேரோட்டமும் எடுக்கிறார், தக்காளிச் சட்னியும் எடுக்கிறார். நாங்குநேரியில் 31 வருஷம் ஸ்டூடியோ நடத்திய எனக்கு அப்படியொரு கை வாய்க்கவில்லை.

போனில் கேட்டேன். உங்கள் அலுவலகத் தம்பி ஒருவர், “கூகுள்ல தேடினா வருது சார், பொதுவானதுதானே” என்றார். “இத்தனை பேர் பார்த்திருக்காங்க, சந்தோஷப்படுங்க” என்றும் சொன்னார். கடைத்தெருவில் பூட்டாமல் நிற்கிற சைக்கிளும் தேடினால் கிடைக்கும்.

உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்த நிமிஷமே படத்துக்கு உரிமை வந்துவிடுகிறது. எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. 2012இல் திருத்திய பிறகு, எடுத்தவர் போய்ச் சேர்ந்தும் 60 வருஷம் அது நிற்கும். நடப்புச் செய்திக்கும் விமர்சனத்துக்கும் விலக்கு உண்டுதான். நாரை கூடு கட்டுவது நடப்புச் செய்தி என்று உங்கள் வக்கீல் வாதாடுவதானால், கேட்க நானும் வருகிறேன்.

இத்தனைக்கும் அந்தப் படத்தை நான் பூட்டி வைக்கவில்லை. விக்கிமீடியா காமன்ஸ் என்று இணையத்தில் ஒரு பொதுப் படக் களஞ்சியம் இருக்கிறது, அதில் போட்டிருக்கிறேன். காலணா தராமல் யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும் எடுக்கலாம். எடுத்தவர் பெயரையும் எந்த உரிமம் என்பதையும் போட வேண்டும், அவ்வளவுதான். ‘சு.மு.’ என்று போட்டால் போதும் என்று அங்கேயே எழுதியிருக்கிறேன். இரண்டு எழுத்து. ‘இணையம்’ நான்கு எழுத்து. உங்களுக்கு மையும் மிச்சமாகியிருக்கும்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 1988இல் ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கி ஷோகேஸில் வைத்தேன். பெண்ணின் அப்பா வந்து, “காசு குடுத்தது நானு, ஒங்கடைக்கு வெளம்பரம் எம் மவளா?” என்று தெருவே கூடும்படி கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டேன். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே சொந்தம் என்று சட்டத்திலும் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் கேட்காமல் ஒரு படம் மாட்டியதில்லை.

1994இல் நான் அனுப்பிய குற்றாலச் சாரல் படத்தை இதே இதழ் என் பெயரோடு வெளியிட்டு, 50 ரூபாய் மணியார்டரும் அனுப்பியது. அந்தக் கூப்பன் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அப்போது உங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது, மரியாதை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஜவுளிக்கடை என் அறுவடைப் படத்தைக் காலண்டரில் அடித்தது. போய்க் கேட்டதற்குக் காலண்டர் ஒன்று கொடுத்தார்கள். என் தாமரைப் படத்தின் மேல் ‘இனிய காலை வணக்கம்’ எழுதி, வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்புகிறார் என் சம்பந்தி. அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். படத்துக்குக் கீழே ‘வேடந்தாங்கல்’ என்று போட்டீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. அது கூந்தன்குளம், எங்கள் நாங்குநேரி வட்டத்துக் கிராமம். வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கிற மரங்களில் கூடு கட்டும். ஏரிக்குள் யார் சார் சேலை காயப்போடுவார்கள்? கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே கட்டும். எச்சமும் வாடையும் முற்றத்தில் விழும், அந்த ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டம்மாவிடம் கேட்டுத்தான் படம் எடுத்தேன். “எடுத்துக்கோங்க, குஞ்சு இருக்கு, சத்தம் மட்டும் போடாதீங்க” என்றார். இதழை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “எஞ் சேலை வந்திருக்கு, ஊர் பேர மாத்திட்டாங்களே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பணம் வேண்டாம், வழக்கும் போடப் போவதில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஓரத்தில் ‘அது கூந்தன்குளம்’ என்று ஒரு வரி போடுங்கள். அவருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், ‘கடிதம்: தபால்’ என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சு.மு.,
நாங்குநேரி